பதாகை ஏந்தாத இளைஞர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவநிலை மாற்றம் குறித்துத் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். 2018-இல் பருவநிலைக்காகப் பதாகையோடு சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாளாக உட்கார்ந்த மாணவி கிரெட்டா துன்பர்க், சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடைவரை போன திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் ஆகியோரைப் பற்றியெல்லாம் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தைப் புரட்டினால் அடுத்தது வெள்ளம், அதற்கடுத்தது வெப்ப அலை. ஒன்று உலக மேடை, இல்லையென்றால் உலக அழிவு. இந்த இரண்டுக்கும் நடுவில் தனக்கு என்ன வேலை என்று ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டால், அந்தப் பக்கங்களில் பதில் இல்லை.

பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1988-இலிருந்து இங்கே மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இயங்கி வருகிறது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) முட்டையிட வரும் மாதங்களில், இதன் தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரமாகவே நடக்கிறார்கள். மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தைத் தேடி, கோலால் மெல்லக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிக்கிறார்கள். நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, முட்டைகளை எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். சுமார் நாற்பத்தைந்து நாளில் குஞ்சுகள் மேலே வரும், கடலில் விடுவார்கள். ஒரு தடம்கூடக் கண்ணில் படாத இரவுகளும் உண்டு. மறுநாளும் நடக்கத்தான் வேண்டும். அப்படி நடந்தவர்கள் பலர் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள், நடை நிற்கவில்லை.

உயிரியல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை கிடக்கும் மணலின் வெப்பம். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும். இன்னும் கூடினால் முட்டையே பிழைக்காது. புவி வெப்பமாதலை வகுப்பில் வரைபடம் போட்டு விளக்கினால் பின் வரிசை தூங்கிவிடும். அதே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் இதைச் சொல்லிப் பாருங்கள். கேள்வி மேல் கேள்வி வரும்.

நம்பிக்கைக் கதை என்றதும் சர்க்கரை தடவி எழுதச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் குழி தோண்டிய இடத்திலேயே இந்த வருஷமும் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளும் செய்திகள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிட்டன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி; இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் நீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழகத்தில் விதி இருக்கிறது. ஆமை தப்பிப்பதற்கு வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. இருந்தும் ஏன் இப்படி ஆகிறது என்பதை மீனவர்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்டு எழுதுவது பத்திரிகையின் வேலை. மாணவர்கள் நடந்தால் மட்டும் போதாது.

அப்புறம் விளக்குகள். பொரித்த குஞ்சு இரவில் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகரும். கரையோர வீடுகளும் உணவகங்களும் கடலைப் பார்த்து எரியவிடும் பெரிய விளக்குகளால் அது சாலைப் பக்கம் போய்விடுகிறது. (குஞ்சுகளை விடும் நேரத்தில் செல்போன் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.)

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைப் பதிப்பில் வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். எத்தனை குழிகள் கிடைத்தன, எத்தனை ஆமைகள் இறந்து ஒதுங்கின, எந்தப் பகுதியில் விளக்கை அணைத்தார்கள், இந்த மூன்று விவரம் போதும். நடக்க வருகிறவர்கள் எங்கே பதிவு செய்யலாம் என்று கீழே ஒரு வரி. கிரிக்கெட் ஸ்கோர் போடும் இடத்தில் பாதி இருந்தால் தாராளம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
அடையாறு, சென்னை.