சோயா மொச்சை விதையும் விதைப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சோயா மொச்சையை ஒரு பட்டம் விதைத்துப் பார்த்துவிட்டு, நம் செம்மண்ணுக்கு இது ஒத்துவராது என்று கைவிட்டவர்களில் நானும் ஒருவன். ஆடிப் பட்டத்தில் ஒரு ஏக்கருக்கு 32 கிலோ விதை வாங்கி விதைத்ததில் பாதிகூட முளைக்கவில்லை. நிலத்தைத்தான் நொந்துகொண்டேன், கோளாறு விதை மூட்டையில் இருந்தது பிறகுதான் புரிந்தது.

கேழ்வரகையும் கொள்ளையும் போல வைத்திருந்து விதைக்கக்கூடிய விதை அன்று இது. சுமார் 20 விழுக்காடு எண்ணெய் கொண்ட பருப்பை மெல்லிய தோல்தான் மூடியிருக்கிறது என்பதால், ஒரு கோடையின் வெக்கையிலும், மூட்டையை மேலிருந்து போடுகிற அதிர்ச்சியிலும்கூட முளைப்புத்திறன் போய்விடும். சான்று விதைக்குக் குறைந்தது 70 விழுக்காடு முளைப்பு வேண்டும் என்று விதி இருந்தாலும், பரிசோதனைக்குப் பிறகு நம் கைக்கு வரும்வரை விதை பட்ட வெக்கையையும் அதிர்ச்சியையும் அட்டை சொல்வதில்லை. 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் ஒரே வாரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது ரகம். சோயா பகற்பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூவெடுக்கும் பயிர். வடக்கே நீண்ட பகலுக்குப் பழகிய ரகத்தை இங்கே கொண்டுவந்தால், செடி வளருமுன்பே பூத்துக் காய் குறைந்துபோகலாம். மத்தியப் பிரதேசத்தில் பெயர்பெற்ற ஜே.எஸ். 335 ரகம் மஞ்சள் தேமல் நோய்க்கும் எளிதில் ஆட்படுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (சோயா) 3 இருக்கும்போது அதைத் தேடி ஏன் போக வேண்டும்?

விதைப்பில் நான் செய்த தவறு ஆழம். சோயா முளைக்கும்போது பருப்பையே மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டியிருப்பதால், மழைக்குப்பின் இறுகிப்போகும் நம் செம்மண்ணில் 2 முதல் 3 செ.மீ.க்குக் கீழே போன விதை கழுத்தொடிந்து உள்ளேயே நின்றுவிடுகிறது. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 5 செ.மீ. இருக்கட்டும்.

சோயா பயிராகாத நிலத்தில் அதற்குரிய ரைசோபியம், அதாவது வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பயிருக்குத் தரும் நுண்ணுயிர், பெரும்பாலும் இருப்பதில்லை. நிலக்கடலை வேரில் முடிச்சு கட்டும் நுண்ணுயிர் இதற்குப் பெரும்பாலும் உதவாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் சோயாவுக்கான ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். நாற்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நறுக்கிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்; முடிச்சு வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். என் முதல் பயிரில் முடிச்சே இல்லை.

எனவே, வேளாண்மை விரிவாக்க மையங்களில் புதிதாக அறுவடையான கோ (சோயா) 3 விதையும் அதற்குரிய ரைசோபியமும் ஆனி மாதத்திலேயே கிடைக்கவும், விதை அட்டையில் அறுவடை மாதம் அச்சிடப்படவும் வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.