கிழிந்த தசைக்குப் 'பிடிப்பு' என்று பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'தொடையில் தசைப்பிடிப்பு; இரண்டு வாரத்தில் களம் திரும்புவார்' என்ற வகையிலான செய்திகளைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி காண்கிறேன். கல்லூரி நாட்களில் 200 மீட்டர் ஓடியவன், ஒரே பருவத்தில் அதே இடத்தில் இருமுறை காயம் பட்டவன் என்ற முறையில், அந்தச் சொல்லைப் பற்றியும் அந்த நாள்கணக்கைப் பற்றியும் எழுதத் தோன்றியது.

பிடிப்பு என்பது தசை இறுகிச் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடுவது. அச்செய்திகள் பிடிப்பு என்று குறிப்பிடும் ஹேம்ஸ்ட்ரிங் காயமோ தொடையின் பின்புறத் தசை இழைகள் கிழிவது. முழு வேகத்தில் ஓடுகையில், முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர், அந்தத் தசை நீண்டுகொண்டே காலின் வீச்சைத் தடுத்தாக வேண்டும். ஓட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் அப்போதுதான் அது கிழிகிறது என்று கருதப்படுகிறது. இதைப் பிடிப்பு என்று நம்புபவர் உடனே அழுத்தி நீவுகிறார், காலை நீட்டி இழுக்கிறார். புதிதாகக் கிழிந்த இழைகளுக்கு இரண்டுமே கேடு.

பன்னிரண்டாம் நாள் வலியின்றி மெதுவோட்டம் ஓட முடிந்ததால் நான் குணமாகிவிட்டதாக எண்ணினேன். பயிற்றுநரும் அப்படியே எண்ணினார். மூன்றாவது வேக ஓட்டத்தில் அதே இடம் மீண்டும் கிழிந்தது, அந்தப் பருவமே போயிற்று. முன்பு பட்ட காயமே அடுத்த காயத்துக்கான முக்கியமான அபாயக் காரணி என்பதும், மறுகாயங்களில் பல களம் திரும்பிய முதல் சில வாரங்களிலேயே நேர்கின்றன என்பதும் பிற்பாடுதான் தெரியவந்தன.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் சரியன்று. டென்மார்க்கில் தொடை அல்லது கெண்டைக்காலில் தசைக் காயம் பட்ட 50 அமெச்சூர் வீரர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், காயம்பட்ட தசையை மீட்டெடுக்கும் மறுவாழ்வுப் பயிற்சியை இரண்டாம் நாளே தொடங்கியவர்கள் சுமார் 62 நாட்களிலும், ஒன்பதாம் நாள் தொடங்கியவர்கள் 83 நாட்களிலும் விளையாட்டுக்குத் திரும்பினர். இரண்டு வாரம் என்று எழுதுவோர் இந்த எண்களைச் சற்றுப் பார்க்கலாம். சிறு கிழிசல் விரைவில் ஆறும் என்பது உண்மைதான். ஆனால் எது சிறியது என்பதை முதல் நாள் வலியை வைத்து எப்போதும் சொல்லிவிட முடியாது.

தசை நீளும்போதே பளுவைத் தாங்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் மையம். மண்டியிட்டு, கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னே சாய்க்கும் நோர்டிக் பயிற்சி அத்தகையது. காயம் ஓரளவு ஆறிய பின்னரே அதற்குப் போக வேண்டும் என்றாலும், காயமே வராமல் தடுப்பதிலும் அது நன்கு பலன் தந்திருக்கிறது. ஓட்டத்தின் வேகத்தையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். அழுத்தினால் வலி இல்லாதிருத்தல், நேராக உயர்த்தும்போது இரு கால்களும் ஒரே அளவு எழும்புதல், வலிமையில் பெரிய வேறுபாடு இல்லாதிருத்தல், களைத்த நிலையிலும் பலமுறை முழு வேகத்தில் ஓட முடிதல், அப்படி ஓடுகையில் மனத்தில் தயக்கம் எழாதிருத்தல் ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் உறுதி செய்த பின்னரே போட்டிக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகச் சொன்ன தயக்கத்தை நான் அசட்டை செய்தேன். கால் எனக்கு முன்பே அறிந்திருந்தது போலும்.

ஆகவே, இனி இத்தகைய செய்திகளில் 'தசைக் கிழிவு' என்றே எழுதுமாறும், வீரர் எத்தனை நாளில் திரும்புவார் என்பதைவிட எந்தச் சோதனைகளைக் கடந்திருக்கிறார் என்பதை அணி மருத்துவரிடம் கேட்டு வெளியிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஓட்டக்காரர் ஒருவர்