ஒஸ்லோவிலிருந்து அம்மாவுக்கு

ஒஸ்லோ,
30 செப்டெம்பர்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான், இவர், பிள்ளை மூவரும் நலம். நீங்களும் அப்பாவும் தம்பி வீட்டாரும் நலமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அப்பாவின் இரத்த அழுத்தத்தில் தொடங்கி, கிணற்று மோட்டார் பழுதானது, வேலி அடைக்க ஆள் கிடைக்காதது என்று ஒவ்வொன்றாகக் கதைத்து முடித்ததும் "வேறென்ன?" என்று கேட்பீர்கள், நானும் "வேறொன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிடுவேன். உண்மையில் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அவை அவசரத்தில் சொல்லக்கூடியவையல்ல. சொன்னாலும், இதற்காகவா இவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சிறியவை. கடந்த ஒரு மாதத்தில் என் மனத்துக்குப் பிடித்துப்போனவற்றை மட்டும் இக்கடிதத்தில் எழுதுகிறேன். குளிரையும் விலைவாசியையும் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. அவற்றைத்தான் இங்கிருந்து வந்துபோகிறவர்கள் எல்லாரும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்களே.

முதலில் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொடர்மாடிக்கு அருகிலுள்ள ரொம்மன் நிலையத்தில் 5ஆம் இலக்கச் சுரங்க ரயிலில் ஏறி, நகரின் நடுவைக் கடந்து, கடைசித் தரிப்பிடமாகிய சொங்ஸ்வானில் இறங்கினால், சில நிமிட நடையில் ஓர் ஏரியும் அதற்கப்பால் நூர்மார்க்கா என்னும் பெருங்காடும் வந்துவிடுகின்றன. நுழைவுச்சீட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, பயிர் செய்யாத காட்டு நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் எவரும் நடந்து திரியலாம், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறித்துக்கொள்ளலாம். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக அப்பப்பா காலத்திலிருந்து வழக்காடிவரும் ஒழுங்கையில் பிறந்தவளுக்கு, பிறர் காணிக்குள் வாளியோடு போய்ப் பழம் பறித்துக்கொண்டு, எதிரே வந்தவருக்கு வணக்கமும் சொல்லிவிட்டுத் திரும்புவதைப்போல் ஓர் இன்பம் வேறில்லை.

ஆவணி முடிவில் அங்கு காட்டுப் புளூபெரி பழுத்திருந்தது. கடையில் விற்கும் பெரிய பழத்துக்கு உள்ளே வெளிறிய சதைதான். இந்தக் காட்டுப் பழமோ சிறியது, உள்ளும் புறமும் கருநீலம், தின்றால் நாவற்பழம் தின்ற பிள்ளைகளின் நாக்குப்போல் எங்கள் நாக்கும் ஆகிவிடுகிறது. புரட்டாதி பிறந்ததும் தித்தெபார் என்னும் சிவப்புப் பழத்தின் முறை வந்தது. முழங்காலுக்கும் எட்டாத செடி. சீப்பின் பற்களைப்போன்ற கம்பிகள் பொருத்திய சிறிய அகப்பை ஒன்றைச் செடிக்குள் விட்டு மேல்நோக்கி இழுத்தால், இலைகள் நழுவப் பழங்கள் மட்டும் உள்ளே விழும். மட்டும் என்பது விற்பனையாளர் சொல்வது. பாதிக்குப் பாதி இலையும் சேர்ந்தேதான் வருகிறது. அவற்றைப் பிரிப்பதற்கு, நீங்கள் கொடுத்தனுப்பிய பனையோலைச் சுளகை எடுத்துக்கொண்டு கீழே முற்றத்தில் நின்று புடைத்தேன். இலையெல்லாம் காற்றோடு பறக்க, பழம் கலகலவென்று சுளகின் அடியில் தங்கியதைக் கண்ட அயல்வீட்டுப் பெண்மணி, தன் வாளியையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். அவருக்குப் புடைக்க வரவில்லை. மணிக்கட்டால் செய்ய வேண்டியதைத் தோளால் செய்கிறார். ஆயினும் சுளகைத் திருப்பித் தர அவருக்கு மனமில்லை.

அந்தப் பழத்தை அடுப்பில் வைக்கவே வேண்டியதில்லை. பழத்திலேயே பழுதாகாமல் காக்கும் ஓர் அமிலம் இயற்கையாக இருப்பதால், சீனியைக் கொட்டி, அது கரையும்வரை கிளறிப் போத்தலில் அடைத்தால் மாதக்கணக்கில் இருக்கிறது. இந்நாட்டார் அதை இறைச்சி உருண்டையோடு உண்கிறார்கள். நான் தோசையோடு உண்கிறேன். என்னுடைய முறையே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேலைத்தலத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். சனிக்கிழமைகளில் இங்கு பல வீடுகளில் அரிசியைப் பாலில் குழையக் காய்ச்சி, மேலே சீனியும் கறுவாத் தூளும் தூவி, நடுவில் ஒரு துண்டு வெண்ணெயை உருகவிட்டு உண்பது வழக்கம். எங்கள் முதியோர் இல்லத்திலும் அன்று அதுதான் மதிய உணவு. என் பகுதியில் இருக்கும் மூதாட்டி ஒருவர் வடகோடியிலுள்ள பின்மார்க்கைச் சேர்ந்தவர். 1980களில் அங்குள்ள மீன் பதனிடும் ஆலைகளில் எங்கள் இளைஞர்கள் பலர் வேலை பார்த்தார்கள் அல்லவா? அத்தகைய ஆலையொன்றில் அவர்களோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர் இவர். பிள்ளைகளின் பெயர்களைக்கூடச் சில நாள் மறந்துவிடுகிறார். ஆனால் அக்காலத்தில் கேட்ட இரண்டு தமிழ்ச் சொற்களை மறக்கவில்லை. ஒன்று "வணக்கம்", மற்றது "கெதியா". நான் கரண்டியோடு சற்றுத் தாமதித்தால் "கெதியா, கெதியா" என்று என்னை விரட்டுகிறார். அதைச் சொல்லும் ஓசையைக் கேட்டால், யாரோ வடமராட்சிக்காரரிடம் பழகியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்ற சனிக்கிழமை, தம்பியின் சிநேகிதனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பனங்கட்டிக் குட்டான்களில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். தாதியிடம் கேட்டு, அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் செய்தேன், பயப்பட வேண்டாம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கத்தியால் சீவித் தூவினேன். வெண்ணெய் உருகிய இடத்தில் அது கரைந்து மண்ணிறமாகப் பரவியது. அவர் முதலில் குட்டானைக் கையில் வாங்கி, ஓலைப் பின்னலை விரலால் தடவிப் பார்த்து, முகர்ந்து, பிறகு ஒரு வாய் உண்டார். நல்லதென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கோப்பையை வழித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து "கெதியா" என்றார். இரண்டாவது கோப்பைக்கும் பனங்கட்டி சீவினேன். வெறும் குட்டானைத் தன் யன்னலோரம் வைத்துக்கொண்டு, இப்போது அதில் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வைத்திருக்கிறார்.

வேலைக்குப் போகும் வழியிலுள்ள வெதுப்பகத்தைப் பற்றி ஒரு சொல். இந்நாட்டார் பணிசு மாவில் ஏலக்காய் சேர்க்கிறார்கள். விடிகாலையில் கதவு திறந்திருக்கும்போது அந்த வாசனை தெருவுக்கு வருகிறது. சில நாட்களில் வாங்காமல், சற்று மெதுவாக நடந்து மட்டும் போகிறேன். கோப்பியைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எந்நேரமும் குடிக்கிறார்கள், எனக்கு அது வெந்நீராகவே தெரிகிறது.

இலை கொட்டத் தொடங்கியதும் எங்கள் தொடர்மாடியில் சிரமதானம் வைத்தார்கள். முற்றம் கூட்டி முடிந்ததும் எல்லாருக்கும் இதய வடிவத்தில் சுட்ட வாஃபிளும், அதன்மேல் மண்ணிறச் சீசும் கொடுத்தார்கள். பால் திரிந்து மிஞ்சும் நீரை வற்றக் காய்ச்சினால் அதிலுள்ள இனிப்பு பழுப்பேறிக் கட்டியாகிறது. 1863இல் அன்னே ஹோவ் என்ற இடைப்பெண் அதில் பாலேடும் சேர்த்துக் காய்ச்சிய பிறகுதான் இன்றைய சுவை வந்ததாம். இவருக்கு அது அறவே பிடிக்காது. எனக்கும் பிள்ளைக்கும் மிகவும் பிடிக்கும். ஆகையால் எங்கள் பங்கில் குறைவில்லை. பிள்ளைக்கு இன்னொரு பொழுதுபோக்கும் உண்டு: வெறும் பானப் போத்தல்களைக் கடையிலுள்ள இயந்திரத்துக்குள் விட்டால் சிறிது பணம் திரும்பக் கிடைக்கிறது. அந்தப் பணமெல்லாம் அவளுடைய உண்டியலுக்கே போகிறது. அவளால் எங்கள் வீட்டில் எந்தப் போத்தலும் முழுதாகக் குடித்து முடிவதில்லை.

இம்மாதத்தில் எல்லாவற்றிலும் மேலாக எனக்குப் பிடித்தது எதுவென்றால், பியோர்விக்காவில் துறைமுகக் கரையோரம் 2020இல் திறந்த பெரிய நூலகத்தின் மேல்தளத்திலுள்ள ஒரு சிறிய அறைதான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதனுள் போக வேண்டும். சுவர்கள் மரத்தால் ஆனவை, அடுக்கடுக்காக 100 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கண்ணாடி லாச்சி. கேற்றி பற்றர்சன் என்ற ஸ்கொட்லாந்துக் கலைஞர் 2014இல் ஒரு திட்டம் தொடங்கினார். ஆண்டுக்கு ஓர் எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் படியைக் கொடுக்க வேண்டும். அது இந்த லாச்சிகளில் ஒன்றில் வைக்கப்படும், யாரும் இப்போது வாசிக்க முடியாது. திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே நூர்மார்க்காவில் 1,000 மரக்கன்றுகள் நடப்பட்டன. 2114இல் அந்த மரங்களை வெட்டிக் காகிதம் செய்து, அதில் அந்த எழுத்துகளையெல்லாம் அச்சிடுவார்கள். இந்த அறையின் பலகைகூட, அந்தக் கன்றுகளை நடுவதற்காக இடம் வெட்டியபோது விழுத்திய மரங்களிலிருந்து வந்ததே.

பிள்ளை தன் வயதைக் கூட்டிப் பார்த்து, அப்போது தான் இருக்கமாட்டேன் என்று முகம் வாடினாள். பிறகு, தன் பேரப்பிள்ளையிடம் சொல்லி வைத்தால் போதும் என்று தேறிவிட்டாள். நான் உங்களை நினைத்தேன். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சைக்கிளில் போய் வந்ததையும், 1981இல் 97,000 நூல்கள் ஓரிரவில் எரிந்ததையும் நீங்கள் சொல்லும்போது, நூல்களைவிட அந்த வாசிப்பு மண்டபத்து மேசைகளின் குளிர்ச்சியைத்தான் அதிகம் சொல்வீர்கள். இங்குள்ள அறையில் மேசையில்லை, ஓர் ஓரமாக அமர மட்டும் இடமுண்டு. நெடுநேரம் இருந்தோம். இறங்கி வரும்போது கீழ்த்தளத்தில் பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் இரவல் எடுத்தோம். ரயிலில் வரும்போதே வாசித்து முடித்துவிட்டாள்.

இனி நீங்கள் எழுதுங்கள். மருந்தும் மோட்டாரும் தொலைபேசியில் கதைக்கலாம். கடிதத்தில், இந்த மாதம் உங்களுக்குப் பிடித்தது எதுவென்று மட்டும் எழுதினால் போதும். திருவிழாக் காலத்தில் யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், முற்றத்து மல்லிகை பூத்ததா, அப்பா இன்னமும் சைக்கிளில்தான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறாரா என்றெல்லாம் அறிய ஆவல். யாராவது இப்பக்கம் வந்தால் பனங்கட்டிக் குட்டான் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு சுளகும் வேண்டும், அயல்வீட்டுப் பெண்மணிக்கு. புழுக்கொடியல் அனுப்ப வேண்டாம். அந்த மூதாட்டிக்கும் ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கலாமென்ற ஆசை எனக்கு வந்துவிடும், அவருடைய பல் அதற்குத் தாங்காது.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மகள்.