செயலாளர் ஆண்டறிக்கை 2025: மேற்படிப்புப் போட்டியும் மற்றவையும்

மன்றத் தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா எப்போதும்போல் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவையொட்டிச் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் அங்கம். தீபாவளிக்கு முன் முதியோர் இல்லத்துக்குப் பலகாரத்தோடு போய்வந்தோம். மூன்றிலும் குறையொன்றும் இல்லை.

இந்த ஆண்டு நேரமும் பணமும் அதிகம் போனது உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மேற்படிப்புப் போட்டிக்குத்தான். செயற்குழுவில் சண்டையும் அதில்தான் அதிகம்.

பல ஆண்டுகளாக, தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் என்று ஒரு தொகை கொடுத்து வந்தோம். பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவைப்போம். அந்தப் பிள்ளைகள் அடுத்து எங்கே படிப்பார்கள் என்பது அவர்கள் வீட்டில் எப்போதோ முடிவாகியிருக்கும். நம் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் போகிற வழி மாறாது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் நம் கண்ணில் பட்டதே இல்லை. அதனால் இம்முறை மதிப்பெண் பட்டியலே கேட்கக்கூடாது என்றது ஒரு தரப்பு. மார்க் பார்க்காமல் பரிசா, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்றது மறுதரப்பு. கடைசியில் வாக்கெடுப்பில், சொற்ப வித்தியாசத்தில், மதிப்பெண் வேண்டாம் என்று முடிவானது. நான் எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்பது இதைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

போட்டி இதுதான். மாணவர் ஏதாவது ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்), தொடக்கக் கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம், எதுவானாலும் சரி. அதில் சேர என்ன தகுதி, எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து வரும், முடித்தால் என்ன வேலை, அங்கிருந்து மேலே போக வழி உண்டா என்று விசாரித்து, அந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடமாவது நேரில் பேச வேண்டும். இறுதிச் சுற்றில் அதைத் தமிழில் விளக்க வேண்டும். நடுவர்கள் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் மதிப்பெண் போடக்கூடாது. பரிசு நான்கு பேருக்கு, தலா 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); முதல், இரண்டாம் என்று தரம் பிரிக்கவில்லை.

சுவரொட்டி ஒட்ட ஒரு பள்ளியிடம் அனுமதி கேட்டோம், பதிலே வரவில்லை. பிறகு துணைப்பாட வகுப்புகள், கோயில் ஞாயிறு வகுப்பு, மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகை என்று நாமே அலைந்து ஆள் சேர்த்தோம். சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களில் இருவர் இறுதிச் சுற்றுவரை வந்தார்கள்.

இறுதிச் சுற்றை மே மாதத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஆர்வத்தையும் திறனையும் பார்த்து முன்கூட்டியே இடம் கொடுக்கும் இஏஇ முறைக்கு ஜூன் வாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். அதில் இடம் கிடைத்தாலும், பெரும்பாலான படிப்புகளுக்கு, உயர்நிலைப் பள்ளி இறுதியில் எழுதும் ஓ நிலைத் தேர்வில் 26 புள்ளிக்குள் வந்தாக வேண்டும்; இதில் புள்ளி குறைந்தால்தான் நல்லது. இது தெரியாமல் ஜனவரியில் வரும் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் வீடுகள் ஏராளம். முடிவு வந்த பிறகோ, சேர விரும்பும் படிப்புகளில் 12ஐ வரிசைப்படுத்திக் கொடுக்க ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை.

ஒரு மாணவி தாதிமைப் (நர்ஸிங்) படிப்பை எடுத்துக்கொண்டார். நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். முதல் நாற்காலி ஐடிஇ. இரண்டாவது, என்ரோல்ட் நர்ஸாக, அதாவது தாதியரில் முதல் படிநிலையில், மருத்துவமனை வேலை. மூன்றாவது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்து, அதற்கு மேற்படியான ரெஜிஸ்டர்ட் நர்ஸ். நான்காவது பட்டப்படிப்பு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததற்குப் போய் விளக்கினார். நடுவராக இருந்த ஒரு பாட்டி, “ஏம்மா, அந்த மூணாவது நாற்காலியில உட்காரும்போது உனக்கு என்ன வயசு இருக்கும்?” என்று கேட்டார். “இருபது தாண்டியிருக்கும் பாட்டி. ஆனா ரெண்டாவதுலேயே சம்பளம் வந்துடும்” என்றது பிள்ளை. ஐடிஇ என்றால் ‘இட்ஸ் தி எண்ட்’, அதோடு எல்லாம் முடிந்தது என்று பின்வரிசையில் கேலி பேசிக்கொண்டிருந்த ஒருவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

இன்னொரு மாணவர் பேசியது முழுக்கப் பணத்தைப் பற்றி. சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்கு அரசு பணம் போடும் எடுசேவ் என்ற கல்விக் கணக்கில் மிச்சமிருக்கும் பணம், பள்ளி முடிந்ததும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போகிறது. அதை உடன்பிறந்தவர் கட்டணத்துக்கும் பயன்படுத்தலாம். 30 வயது தாண்டினால் மீதி அவரவர் மத்திய சேமநிதிக் (மசேநிதி) கணக்குக்குப் போய்விடும். தன் அண்ணன் கணக்கில் பணம் சும்மா கிடப்பதை அவர் இந்தப் போட்டிக்காக விசாரித்தபோதுதான் கண்டுபிடித்திருக்கிறார். அதோடு விடாமல், மாதாமாதம் சம்பளச் சீட்டில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குப் பிடிக்கிறார்களே, அங்கே கல்வி உதவிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று நடுவர்களையே திருப்பிக் கேட்டார். அரங்கில் பதில் இல்லை. நிகழ்ச்சி முடிந்தபின் அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாருமே பெற்றோர்.

சில மாணவர்கள் ஜூனில் விண்ணப்பித்து இடமும் பெற்றார்கள். அதை மன்றத்தின் சாதனையாக எழுதிக்கொள்ள எனக்கு மனமில்லை. நேர்முகத்துக்குப் போய்ப் பேசியது அவர்கள். நமக்குக் குறையாகத் தெரிவது வேறு. அப்பாக்கள் மிகக் குறைவாகவே வந்தார்கள். ஷிஃப்ட் வேலை ஒரு காரணம், சரி. படிப்பு விஷயம் அம்மா பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பும் ஒரு காரணம்.

அடுத்த போட்டிக்கு மாணவர்கள் விசாரிக்க வேண்டிய கேள்விகளை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. 2024ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களுக்கு 2026 உயர்நிலை 3. மாணவர்களைத் திறன்வாரியாகப் பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லாமல் வந்த முதல் அணி அது. 2027ல் ஓ (O) நிலை, என் (N) நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே பொதுச் சான்றிதழ்த் தேர்வு எழுதுவார்கள். தொடக்கக் கல்லூரிக்கும் ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்கள்தான் கணக்கில் வரும். நாம் படித்த காலத்துக் கணக்கை வைத்து இவர்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது.

செயற்குழு இரண்டு முன்மொழிவுகளை அவையின் முன் வைக்கிறது. ஒன்று, அடுத்த போட்டியில் மாணவரோடு வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்தே பதிய வேண்டும். இரண்டு, பழைய உபகாரச் சம்பள நிதியை இந்தப் போட்டி நிதியோடு இணைப்பது. இரண்டாவதற்கு எழுத்து மூலம் எதிர்ப்பும் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தின் பிரதி உங்கள் கையிலுள்ள தாள்களோடு இணைக்கப்பட்டுள்ளது. பொருளாளர் கணக்கறிக்கையை வாசித்த பிறகு, இரண்டையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்