கல்லைப் பார்த்தோம், குழியைப் பார்க்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு வாசலில் கார் ஏறி வரும் தளம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேவர் பிளாக், கான்கிரீட், தார், கருங்கல் என்று ஒவ்வொன்றையும் படத்தோடு போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் கேட்டிலிருந்து போர்டிகோ வரை ஒரே இடத்துக்கு இரண்டு தடவை தளம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்தக் கட்டுரை முழுக்க மேலே தெரிகிற 6 சென்டிமீட்டரைப் பற்றித்தான் பேசியது. எங்கள் பணம் போனது அதற்குக் கீழே.

முதல் தடவை மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றிலும் ஒரே வரி: பேவர் பிளாக் பதிப்பது, சதுர அடிக்கு இவ்வளவு. தொகை குறைவாகப் போட்டவரையே பிடித்தோம். வீட்டில் ஒரு வாரம் நடந்த விவாதமெல்லாம் சிவப்பா சாம்பலா என்பதைப் பற்றித்தான். எவ்வளவு ஆழம் தோண்டப்போகிறீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. அக்கம்பக்கத்தில் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுக்கூடப் போனார்கள்.

ஒரு மழைக்காலம் தாண்டியது, அவ்வளவுதான். சக்கரம் ஓடுகிற தடத்தில் மட்டும் கல் இறங்கி, இரண்டு வாய்க்கால் வெட்டின மாதிரி தண்ணீர் நின்றது. ஓரத்துக் கற்கள் வெளியே நகர்ந்து, இடைவெளியில் விரல் நுழைந்தது. ஒரு கல்லை நெம்பி எடுத்துப் பார்த்தேன். கல்லின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, விளிம்புகூடச் சிதையவில்லை. அடியில் நான்கு விரல் கனத்துக்கு மணல். மணலுக்கு அடியில் தோட்டத்து மண், புல் வேரோடு அப்படியே!

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். கல்லுக்கு அடியில் மணல் 3 செ.மீ. இருந்தால் போதும், அது கல்லை மட்டமாக உட்கார வைக்கத்தான். பள்ளத்தை மணல் போட்டு நிரப்பினால் மழைத் தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போய்விடும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதற்கும் கீழே இருக்கிற ஜல்லி. பெரிதும் சிறிதும் கலந்த ஜல்லியை 15 செ.மீ.யாவது, ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். கல் 6, மணல் 3, ஜல்லி 15. கூட்டிப் பாருங்கள், தோண்ட வேண்டியது கிட்டத்தட்ட கால் மீட்டர். எங்கள் வீட்டில் ஒரு சாண்கூடத் தோண்டவில்லை. ஓரக் கல்லைக் கான்கிரீட்டில் புதைத்துப் பிடிமானம் கொடுக்கவும் இல்லை. பிடிமானம் இல்லாவிட்டால் சக்கரம் திரும்பும்போதெல்லாம் கற்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டுதான் போகும்.

இரண்டாம் தடவை கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் போட்ட தளத்தைக் காட்டச் சொன்னேன். அதுவும் மழை பெய்த மறுநாள் பார்த்து. ஒருவர் தயங்காமல் கூட்டிப்போனார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் கல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கடப்பாரையை மண்ணில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு, "கார் மட்டும்தானா, கனமான வண்டி ஏதாவது உள்ளே வருமா?" என்று கேட்டார். வரும் என்றால் 8 செ.மீ. கல் போட வேண்டுமாம். சரி, இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கான்கிரீட் போடுபவர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 10 செ.மீ. என்று பேசிவிட்டு ஓரத்துச் சட்டத்தில் மட்டும் அந்தக் கனத்தைக் காட்டுவார்கள். நடுவில் மண் மேடாகவே இருக்கும், அங்கே 7.5 இருந்தாலே அதிகம். கால் பங்குதானே குறைகிறது என்று விட்டுவிடாதீர்கள். வளைவைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், அதனால் அந்த இடத்தில் மிஞ்சுவது பாதியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. கொட்டும்போதே ஒரு கம்பியில் அடையாளம் போட்டு நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிடலாம். கம்பி வலையைத் தரையில் விரித்து அதன் மேலேயே கொட்டினால் வலை இருந்தும் இல்லாத மாதிரிதான். கவர் பிளாக் என்கிற சின்னச் சிமென்ட் கட்டைகளை அடியில் வைத்து வலையைத் தூக்கி நிறுத்த வேண்டும். இரண்டரை, மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு. வெட்டாமல் விட்டால் கான்கிரீட் தனக்குப் பிடித்த இடத்தில் விரிசல் விடும். கலவை இளக்கமாக வரட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிற கையையும் தடுக்க வேண்டும். ஏழு நாள் ஈரம் காயக் கூடாது.

தாரைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. வெறும் ஜல்லி பரப்புவது சமதரைக்குச் சரி, சரிவில் உருண்டுகொண்டே இருக்கும்.

எந்தப் பொருளானாலும் வாட்டம், அதாவது தண்ணீர் வடிகிற சரிவு, வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், மீட்டருக்கு 2 செ.மீ. வீதம். முடிந்த தளம், தரை ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரில் வைக்கிற ஈரத்தடுப்பு அடுக்குக்கு 15 செ.மீ. கீழேயாவது நிற்க வேண்டும். அதை மறந்து தளத்தை உயர்த்தினால் அடுத்த செலவு சுவருக்கு.

இரண்டாம் தடவை இந்த அளவுகளையெல்லாம் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஜல்லி இறுக்கி நான் அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. கடைசித் தவணை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு. அவர் முகம் சுளிக்கவில்லை. முதல் ஆள் பாதிக்கு மேல் முன்பணம் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த முறை இந்த விஷயத்தை எடுக்கும்போது, தளத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற ஒரு படத்தையும் அளவுகளோடு போடுங்கள். பேவர் பிளாக்குக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று கட்டுரையில் இருந்ததையும் திருத்திவிடுங்கள்; இடுக்கில் போட்ட மணல் குறையும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். எங்கள் வாசலில் இப்போது கிடப்பது முதல் தடவை வாங்கிய அதே கற்கள்தான். கழுவித் திரும்பப் பதித்தார்கள், ஏழெட்டுதான் புதிது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்