முதலில் மவுண்ட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கி சுடுதல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று விலாவாரியாக எழுதியிருந்தீர்கள். அதைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் மவுண்ட் பற்றி ஒரு வரியும் காணோம். ராணுவத்தில் டிராகுனோவ் ஸ்னைப்பர் துப்பாக்கியைக் கையாண்டவன் நான். அதன் ஸ்கோப் பக்கவாட்டு ரெயிலில் ஏறி ஒரு லீவரால் இறுகும். அந்த லீவர் சரியாகப் பிடிக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட சுடுநரும் கோட்டை விட வேண்டியதுதான்.

கணக்குப் பாருங்கள். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் மவுண்ட்டின் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி. ஒன்று 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் கனம், நகர்ந்தால் 300 மீட்டரில் குண்டு 30 செ.மீ. தள்ளிப் போகும். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில், குறியைத் திருத்தும் குமிழின் ஒரு கிளிக் அதே தூரத்தில் சுமார் 22 மி.மீ.தான் நகர்த்தும். அப்புறம் கிளிக் எண்ணி என்ன பயன்?

ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன்கள் ஏர் ரைபிளோடு வந்து, "சார், ஸ்கோப் டூப்ளிகேட் போல" என்பார்கள். பெரும்பாலும் மவுண்ட்தான் நழுவியிருக்கும். ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னுக்கு உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னுக்கு இழுக்கும். நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் இல்லாத மவுண்ட் அதில் மெல்ல ஊர்ந்துவிடும். அதற்காகப் பலம் கொண்ட மட்டும் திருகினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். ரிங் திருகுக்குப் பொதுவாக 15 முதல் 18 இன்ச்-பவுண்டு (திருகும் விசையின் அளவு) போதும். மவுண்ட்டோடு வரும் தாளில் உள்ள அளவே இறுதி. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். (கைவிட்ட கல்குவாரியில் போய்ச் சுட்டுப் பார்ப்பதையும் விடுங்கள். கிரானைட்டில் பட்ட பெல்லட் திரும்பி வரும்.)

ரிங்கை இறுக்குமுன் துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நிறுத்தி, தூரத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்தக் கயிற்றோடு ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டைப் பொருத்த வேண்டும். 1,000 மீட்டரில் குண்டின் இறக்கத்துக்காக 10 மீட்டர் உயர்த்திக் குறிவைக்கும்போது, ஒரு டிகிரி சாய்வு 17 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளையை ஒலிம்பிக் வகைப் போட்டிக்கு அனுப்புவதானால் ஸ்கோப்புக்குச் செலவே செய்யாதீர்கள். அங்கே அதற்கு அனுமதி இல்லை. 2024 பாரிஸில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே சுட்டதும் சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்டில்தான்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.