செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வேடப் புத்தகம் பற்றிய விளக்கத்துடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

மதுரையில் இயங்கும் நம் ஓவியச் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைச் சபையின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டி நடத்திப் பரிசும் கொடுத்தோம். ஆயுத பூஜைக்குச் சுண்டல் விநியோகிக்கப்பட்டது. அறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மின்விசிறி பழுது பார்க்கப்பட்டது.

இனி வேடப் புத்தகம்.

அதற்காக நாங்கள் போன வரைபயணங்களைப் பற்றி, சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "ஊர் சுற்றவா சங்கப் பணம்?" என்று கேட்டார். அன்று டீ வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

திட்டம் இதுதான். ஒவ்வோர் உறுப்பினரும் சொந்தமாக ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். சினிமாவில் பார்த்த ராஜாவுக்கு மீசையை மாற்றிக் கொண்டுவருவது கூடாது. அந்தப் பாத்திரம் உடுத்தும் ஒவ்வொரு துணியும் நகையும் செருப்பும் பயணத்தில் நேரில் பார்த்த ஏதாவது ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். எங்கே பார்த்தது என்று ஓரத்தில் எழுத வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று தோற்றங்கள் கட்டாயம். முன்பக்கம் மட்டும் வரைகிறவருக்குக் கச்சையின் முடிச்சு எங்கே விழுகிறது என்று தெரிந்திருக்காது. பின்பக்கம் வரையச் சொன்னால் அகப்பட்டுக்கொள்வார். இவை எல்லாம் ஒரே கெட்டி அட்டைப் புத்தகத்தில் ஏற வேண்டும். 300 ஜிஎஸ்எம் என்ற கனமான தாள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: மெல்லிய தாளில் நீர்வண்ணம் பட்டால் அப்பளம் போல் சுருண்டுவிடும்.

முதலில் வைகை எக்ஸ்பிரஸில் திருச்சி, அங்கிருந்து ஸ்ரீரங்கம். பகல் ரயில் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓடும் வண்டியில் நகை வேலைப்பாடு வரைய முடியாது, கோடு ஆடும். வண்டி ஓடும்போது உருவத்தின் மொத்த வடிவம், நிற்கும்போது நுணுக்கம் என்று பிரித்துக்கொண்டோம். திண்டுக்கல்லில் வண்டி நின்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து வரைந்ததைப் பார்த்த ஒரு பெரியவர், பரீட்சையா என்று கேட்டார். எதிர் இருக்கைக்காரர் துண்டை மடித்துத் தோளில் போடுவது, ஓர் அம்மா முந்தானையில் சில்லறை முடிவது என்று பெட்டியிலேயே பாதி வேடம் கிடைத்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபம். பாயும் குதிரைகள் மேல் வீரர்களும் காலடியில் வேட்டைக்காரர்களும் உள்ள தூண்கள். இடைவாள் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது, கால் சட்டை முழங்காலுக்கு மேலா கீழா என்பதெல்லாம் அங்கே கல்லில் இருக்கிறது. கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பென்சிலுக்குத் தடையில்லை. படம் பிடித்துவந்து வீட்டில் பார்த்து வரையலாமே என்று சொல்கிற உறுப்பினர்கள் இதைக் கவனிக்கவும்.

புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குகைக் கோயிலுக்கு வேனில் போனோம். தூணில் இருக்கும் நடன மாதர்களின் கொண்டையை மட்டும் வரைந்து வந்தோம். நிறம் மங்கிவருகிறது, பார்க்காதவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

லேபாட்சி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆந்திராவில், இந்துப்பூரிலிருந்து 15 கி.மீ. வீரபத்திரர் கோயிலின் விதானத்தில் 16-ஆம் நூற்றாண்டு விஜயநகர ஓவியங்கள். கட்டம், கோடு, அன்னம், கொடி என்று ஒரு புடவையில் இருக்கும் வேலைப்பாடு பக்கத்துப் புடவையில் இல்லை. கழுத்து வலிக்கிறது என்று சிலர் தரையில் படுத்தே வரைந்தார்கள். காவி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் பச்சை, இவ்வளவுதான் அந்த ஓவியர்கள் கையாண்ட நிறங்கள். இருபத்து நான்கு நிறப் பெட்டி இல்லாமல் பயணம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் அங்கே வாயடைத்துப்போனார்கள். ஆண்கள் தலையில் நீளமான குல்லாய் இருக்கிறது. திருமலையில் நிற்கும் கிருஷ்ணதேவராயர் சிலையின் தலையிலும் அதே குல்லாய்தான். அது பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த மோஸ்தர். நம் பாத்திரங்களுக்கு எதற்கு என்று திரும்பும் வழியெல்லாம் ஒரே வாக்குவாதம். ராயரே போட்டுக்கொண்டதை நாம் மறுப்பானேன் என்பது என் கட்சி. ஓர் இளம் உறுப்பினர் தன் பாத்திரமான கடிதம் சுமக்கும் பெண்ணுக்கு அந்தக் குல்லாயை வைத்து, அதன் உச்சியில் ஓலையை ஒளித்துவைக்க இடமும் பண்ணிவிட்டார். புத்தகத்தில் இருப்பதில் நல்ல பக்கம் அதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் ஆட்சேபணை இல்லை.

என் பாத்திரத்துக்கு வெளியூர் போகவே வேண்டியிருக்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். உருமால் என்ற தலைப்பாகை, சல்லடம் என்ற அரைக்கால் சட்டை, தோளில் ஆட்டுத்தோல் பை. அதை வைத்து, வறண்ட ஊர்களுக்கு வைகைத் தண்ணீர் சுமந்து விற்கும் ஒருத்தியை உருவாக்கினேன். நிரம்பிய தோல் பை ஒரு பக்கமாக இழுக்கும், ஆகவே வார் அகலமாக இருக்க வேண்டும்; அது தோளில் அறுக்காமலிருக்க அடியில் மடித்த துண்டு. எப்போதும் நனையும் துணி காலில் ஒட்டும், ஆகவே முழங்காலுக்கு மேல் சல்லடம். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர்களில் ஒருவர், சல்லடத்துக்குத் துணி எப்படி வெட்டுவது என்று செய்தித்தாளில் வெட்டியே காட்டினார். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று ஊரே காத்திருக்கும், பச்சை என்றால் செழிப்பு என்பார்கள். அதனால் அவள் உருமாலுக்கு மட்டும் பச்சை. ஊர் சுற்றியதால் சங்கத்துக்கு என்ன கிடைத்தது என்பதற்கு இந்த ஒரு பக்கமே போதும் என்பது என் தாழ்மையான கருத்து.

இப்போது சொல்ல விரும்பாத, ஆனால் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்துகிறவர்கள் பிளாட்பாரத்தில் தென்படுவதில்லை. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பெயர் கேட்டால், "சொல்றேன் சார்" என்று பதில் வரும். டிக்கெட் எடுத்த பிறகு, முந்தின நாள் இரவு மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். மாமியார்கள் நீடூழி வாழ வேண்டும். ரத்துக் கட்டணம் யார் தருவது? வேடப் புத்தகமும் முறைப்படி ஒரு வாரம் ஒருவர் வீட்டில் இருந்து அடுத்தவருக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்குள் போனது பொங்கல் கழித்துத்தான் வெளியே வந்தது, அதுவும் ஒரு கோடு கூடக் கூடாமல். பெயர் சொல்லப்போவதில்லை. அவர் இன்றும் வரவில்லை.

சந்தா நிலுவை பட்டியலை அறிவிப்புப் பலகையில் போடலாம் என்று செயற்குழுவில் யோசனை வந்தது. பண்பாடு கருதி நிறுத்தி வைத்திருக்கிறோம். பட்டியல் தயாராகவே இருக்கிறது.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். பயணச் செலவில் பெரும்பகுதியைப் போனவர்களே ஏற்றுக்கொண்டார்கள். தாள், மை, வேன் வாடகையில் ஒரு பங்கு ஆகியவை சங்க நிதியிலிருந்து. சில்லறைச் செலவுகள் 'இதர' என்ற தலைப்பில் உள்ளன. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் நோட்டைப் பார்க்கலாம், அவர் கண்ணாடி கொண்டுவந்திருக்கும் நாளில்.

தலைவர், துணைத்தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், அறை கொடுத்த வீட்டுக்காரர், வேன் ஓட்டுநர், காபி கொடுத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு எண்ணங்கள். ஒன்று, தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசை கிராமம். கூத்துக்காரர்களின் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. விடிய விடிய ஆடுகிறவர் சுமக்கக்கூடிய எடையில், விளக்கு வெளிச்சத்தில் மின்னும்படி ஒரு வேடத்தை எப்படி அமைக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, ஊட்டி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வரைகிறவர்களுக்கென்றே விட்ட வண்டி. மேலே நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்துக்குளி என்ற போர்வை: வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும், இழை எண்ணிப் போடும் பூவேலை, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை அப்படியே நகலெடுத்து நம் பாத்திரத்துக்கு மாட்டாமல், செய்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரைய வேண்டும். அதற்கு இரண்டு நாளாவது அங்கே தங்க வேண்டும்.

தங்குவதற்குப் பணம் வேண்டும். கையிருப்பு ஒரு நாளைக்குக் கூட வராது.

செயலாளர் பொறுப்பில் நான் நெடுநாளாக இருக்கிறேன், இளையவர்கள் யாராவது வந்தால் சாவி, முத்திரை, நிலுவைப் பட்டியல் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால் வழக்கம்போல் நானே பார்த்துக்கொள்கிறேன். அப்போது டிக்கெட் எடுக்கும் முன்பே பணம் கட்டியவர்கள் பெயர் மட்டும்தான் பயணப் பட்டியலில் ஏறும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் மேசையில் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார். க்யூஆர் அட்டையும் அங்கேயே ஒட்டியிருக்கிறது. டீயும் வடையும் அந்த மேசையைத் தாண்டித்தான்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்